ஃபெஸ் நகரின் அந்தலூசியப் பள்ளிவாசலுக்கு வயது என்ன?

நீங்கள் கேட்டது மேலோட்டமாகப் பார்த்தால் ஆண்டுக் கணக்கு. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய பகுதியில், ஆற்றுக்குக் கிழக்கே அந்தலூசியப் பள்ளிவாசல் முன்னால் நின்றபோது, "859இல் மர்யம் என்ற பெண் கட்டியது, அவருடைய சகோதரி ஃபாத்திமா கட்டியதுதான் எதிர்க்கரையின் பெரிய பள்ளிவாசலான கராவிய்யீன்" என்று வழிகாட்டி சொன்னார். அறைக்குத் திரும்பித் தேடினால் ஓரிடத்தில் 956 என்றும் இன்னோரிடத்தில் 1207 என்றும் இருக்கிறது. எது சரி என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: சுற்றிலும் சாதாரண வீடுகள் இருக்கும் ஒரு மஹல்லாப் பள்ளிக்கு, அதாவது பேட்டைப் பள்ளிவாசலுக்கு, கோட்டை வாசல் மாதிரி அவ்வளவு பெரிய வாசல் எதற்கு? என்னைக் கேட்டால் அதுதான் நல்ல கேள்வி. அதற்குப் பதில் பிடிபட்டால் ஆண்டுக் குழப்பமும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான் படித்ததும் பிறகு பல வருஷம் பாடம் எடுத்ததும் இஸ்லாமியக் கட்டடக் கலை வரலாறு. அதில் பெரும்பகுதி வட ஆப்பிரிக்காவின் மரவேலைப்பாடுகளோடும் எழுத்துப் பொறிப்புகளோடும் கழிந்தது. அதனால் ஏட்டில் எழுதியிருப்பதைவிட மரத்திலும் கல்லிலும் செதுக்கியிருப்பதை நம்பும் சாய்வு எனக்கு உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வம்சாவளி நூல்களிலும் அறிவிப்பாளர் மரபிலும் தேர்ந்தவர்கள் சில இடங்களில் என்னைவிட நம்பிக்கையோடு பேசக்கூடும்.

முதலில் சுருக்கமான பதில். மூன்று ஆண்டுகளும் தப்பில்லை, ஆனால் அவை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்கு உரியவை. 859–860 என்பது பள்ளிவாசல் தோன்றியதாக மரபு சொல்லும் காலம். 956 மினாரா, அதாவது பாங்கு சொல்லும் கோபுரம், எழுந்த ஆண்டு. 1203 முதல் 1207 வரை நடந்தது, இன்று நாம் பார்க்கும் கட்டடத்தை ஏறக்குறைய அடியிலிருந்து எழுப்பிய வேலை. தாத்தா போட்ட ஓட்டு வீட்டை அப்பா இடித்துவிட்டு அதே மனையில் மாடி வீடு கட்டியிருந்தால், "இது எந்த வருஷத்து வீடு" என்ற கேள்விக்கு நாமும் ஒரே பதில் சொல்ல மாட்டோம். இங்கே சிக்கல் என்னவென்றால், மூன்று தேதிகளும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. முதல் தேதிதான் எல்லாருக்கும் பிடித்த தேதி. ஆதாரம் மெலிந்ததும் அதுவே.

அது ஏன் என்று சொல்வதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃபெஸ் ஒரே ஊராகத் தொடங்கவில்லை. 789இல் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு குடியிருப்பை அமைத்தார். அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் 809 வாக்கில் எதிர்க்கரையில் அல்-ஆலியா என்ற இன்னொரு ஊரை எழுப்பினார். பழைய வரலாற்றாசிரியர்கள் மொத்தப் பெருமையையும் மகனுக்கே கொடுத்துவிட்டார்கள். 809க்கு முன்பே ஃபெஸ் என்ற பெயர் பொறித்து அடித்த வெள்ளிக் காசுகள் கிடைத்திருப்பதால், மகனுக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்பதில் இன்று சந்தேகம் இல்லை. லெவி-புரொவன்சால் என்ற பிரெஞ்சு அறிஞர் 1938இல் இதை எடுத்துக்காட்டினார். ஒரு நகரத்தின் பிறப்பையே நூல்கள் மாற்றிச் சொல்லியிருக்க, சில காசுகள் அதைத் திருத்தின. ஃபெஸ் வரலாற்றை வாசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

கிழக்குக் கரைக்கு அந்தலூசியர் பெயர் வந்த கதை தெளிவானது. 818இல் குர்துபாவின், அதாவது இன்றைய ஸ்பெயினில் உள்ள கார்டோபாவின், புறநகர் மக்கள் அமீர் முதலாம் ஹகமுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அவர் அந்தப் புறநகரையே தரைமட்டமாக்கி மக்களைத் துரத்திவிட்டார். துரத்தப்பட்டவர்களில் ஒரு கூட்டம் அலெக்சாந்திரியா வரை போய், அங்கிருந்து கிரீட் தீவைப் பிடித்து ஆண்டது தனிக் கதை. இன்னொரு கூட்டம் ஃபெஸ்ஸின் கிழக்குக் கரையில் குடியேறியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இன்றைய துனிசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மேற்குக் கரையில் தங்கினார்கள். ஒரு கரை அந்தலூசியர் கரை, மற்றது கைரவானியர் கரை. இரண்டு ஊருக்கும் தனித்தனி மதில், தனித்தனிச் சந்தை, தனித்தனி ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை. நடுவில் ஓடிய ஆற்றைத் தாண்டி அவர்கள் அடிக்கடி சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பின்னணியில் சகோதரிகளின் கதையைக் கேளுங்கள். கைரவானிலிருந்து வந்த முஹம்மத் அல்-ஃபிஹ்ரி என்ற செல்வந்தர் இறந்துபோகிறார். அவருக்கு இரண்டு மகள்கள். வாரிசுப் பணத்தை இருவரும் இறைவழியில் செலவிட நினைக்கிறார்கள். ஃபாத்திமா மேற்குக் கரையில் கராவிய்யீனைக் கட்டுகிறார். மர்யம் கிழக்குக் கரையில் அந்தலூசியப் பள்ளிவாசலைக் கட்டுகிறார். மர்யமின் பணம் போதாமல் அக்கம்பக்கத்து அந்தலூசியர்களும் கைகொடுத்தார்கள் என்று சொல்லும் வடிவமும் உண்டு. ஃபாத்திமா இஸ்லாமிய நாட்காட்டியில் ஹிஜ்ரி 245, அதாவது 859, ரமளான் முதல் நாள் வேலையைத் தொடங்கி, முடியும்வரை நோன்பிருந்தார் என்றும், கட்டடத்துக்கு வேண்டிய மண்ணையும் கல்லையும் அந்த இடத்திலேயே தோண்டி எடுக்கச் சொன்னார் என்றும் விவரங்கள் வருகின்றன.

அழகான கதைதான். ஆனால் நமக்குத் தெரிந்தவரை இதை எழுதி வைத்த முதல் ஆள் இப்னு அபீ ஸர்உ என்ற வரலாற்றாசிரியர். அவர் நூல் 1326 வாக்கில் முடிந்தது. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஏறத்தாழ 465 வருஷம். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, அவர் காலத்தில் ஊரில் வழங்கிய கதையைப் பதிவு செய்திருக்கலாம். ஆனாலும் இரண்டு கரைகள், இரண்டு சகோதரிகள், இரண்டு பள்ளிகள், ஏறக்குறைய ஒரே ஆண்டு என்ற கச்சிதத்தைப் பார்த்தால் வரலாறு படித்தவனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஒன்றோடொன்று மோதிய இரண்டு ஊர்கள் ஒன்றான பிறகு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

உறுத்தலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கராவிய்யீனில் 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்ப்பு நடந்தபோது, சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலிருந்து எழுத்துப் பொறித்த பழைய மரப்பலகை ஒன்று வெளிப்பட்டது. கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவில் இருந்த அந்த வாசகம், ஹிஜ்ரி 263 துல்கஅதா மாதம், அதாவது 877இல், தாவூத் பின் இத்ரீஸ் இந்தப் பள்ளிவாசலைக் கட்டினார் என்கிறது. அவர் இரண்டாம் இத்ரீஸின் மகன்களில் ஒருவர். ஃபாத்திமாவின் பெயர் அதில் இல்லை. இதை வைத்துச் சிலர் சகோதரிகள் கதையே கட்டுக்கதை என்று முடிவுகட்டுகிறார்கள். வேறு சிலர், அந்தப் பலகை வேறொரு பள்ளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தியதாக இருக்கலாம், அல்லது முதலில் கட்டியதை அல்லாமல் பின்னால் நடந்த விரிவாக்கத்தைக் குறிக்கலாம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தப் பலகை கராவிய்யீனைப் பற்றியது. அந்தலூசியப் பள்ளியில் அப்படி எதிர்ச்சான்று எதுவும் கிடைத்ததில்லை. மர்யமின் பெயரைச் சொல்லும் பொறிப்பும் கிடைத்ததில்லை. ஆகவே ஃபாத்திமாவைப் பற்றிய சந்தேகத்தை அப்படியே மர்யம் மேல் ஏற்றுவது சரியாகாது. ஃபாத்திமாவின் புகழை மர்யமுக்குச் சான்றாகக் காட்டுவதும் அதே அளவு தப்பு.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. "அந்தக் காலத்தில் ஒரு பெண் பள்ளிவாசல் கட்டியிருப்பாளா" என்ற சந்தேகம் என்னுடையது அல்ல. வட ஆப்பிரிக்காவில் பெண்கள் கொடுத்த பெரிய கொடைகளுக்கு அந்தந்தக் காலத்து ஆதாரமே இருக்கிறது. கைரவான் பெரிய பள்ளிவாசலுக்கு 1020 வாக்கில் ஒரு மிகப் பெரிய குர்ஆன் பிரதியை எழுதுவித்துக் கொடுத்தவர் ஃபாத்திமா என்ற பெண். அங்கே ஆண்ட ஸீரி அரச குடும்பத்துச் செவிலி. அந்தப் பிரதியின் ஏடுகள் இன்றும் இருக்கின்றன. மராக்கேஷின் பாப் துக்காலா பள்ளிவாசலை 16ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தவர் ஸஅதி சுல்தான் அஹ்மத் அல்-மன்ஸூரின் தாயார் மஸ்ஊதா. ஆக, மர்யம் கட்டியிருக்க முடியாது என்பதல்ல பிரச்சினை. மர்யம் கட்டினார் என்று சொல்லும் சாட்சி அவருக்குப் பல தலைமுறை பிந்தியது என்பதே பிரச்சினை.

யார் கட்டியிருந்தாலும் முதலில் இருந்த கட்டடம் சிறியது. 11ஆம் நூற்றாண்டில் எழுதிய புவியியலாளர் அல்-பக்ரி, சில வரிசைத் தூண்களும், வால்நட் முதலிய மரங்கள் நின்ற ஒரு சின்ன முற்றமும், அதற்கு வந்து சேர்ந்த மஸ்மூதா வாய்க்காலின் தண்ணீரும் கொண்ட பள்ளியாக அதை விவரிக்கிறார். அல்-பக்ரி ஃபெஸ்ஸுக்குப் போனவர் அல்ல, அந்தலூசியாவில் உட்கார்ந்துகொண்டு பயணிகளின் குறிப்புகளிலிருந்து எழுதியவர். இருந்தாலும் இப்னு அபீ ஸர்உவைவிடக் காலத்தால் வெகு முந்தியவர் என்பதால் அவருக்குத் தனி மரியாதை உண்டு.

தொடக்கத்தில் இங்கே ஜும்ஆ நடக்கவில்லை என்பதும் முக்கியம். கிழக்குக் கரையின் ஜும்ஆ, அல்-அஷ்யாக் என்ற மூத்த பள்ளிவாசலில் நடந்தது. இன்று அதன் சிதைவுகள் கொஞ்சம்தான் மிச்சம். அந்தலூசியப் பள்ளி ஐவேளைத் தொழுகைக்கான மஹல்லாப் பள்ளியாக இருந்து, 10ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் குத்பா என்ற வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு அங்கே மாறியது. ஏறக்குறைய அதே காலத்தில் எதிர்க்கரையிலும் குத்பா கராவிய்யீனுக்கு மாறியது. ஜும்ஆ வந்துவிட்டால் ஒரு பள்ளியின் அந்தஸ்தே வேறு. குத்பாவில் ஆட்சியாளர் பெயரைச் சொல்லித் துஆ, அதாவது பிரார்த்தனை, செய்வார்கள். எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பதே அந்த ஊர் யார் கையில் இருக்கிறது என்பதற்கு அறிவிப்பு.

10ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப மாறியது. கிழக்கே ஷீஆ ஃபாத்திமிகள், வடக்கே கடலுக்கு அப்பால் சுன்னி உமையாக்கள். இருவருமே தங்களைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டவர்கள், இருவருக்கும் ஃபெஸ் வேண்டும். மொராக்கோவின் பெர்பர் இனக்குழுக்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. 956இல் ஊர் உமையாக் கலீஃபா மூன்றாம் அப்துர்ரஹ்மானின் செல்வாக்கில் இருந்தபோது இரண்டு கரைகளிலும் ஒரே ஆண்டில் மினாரா எழுந்தது. சதுரத் தண்டு, உச்சியில் சின்னக் குவிமாடம், வெள்ளைப் பூச்சு. கராவிய்யீனுடையதைவிட அந்தலூசியப் பள்ளியின் மினாரா எளிமையானது. இணையத்தில் நீங்கள் பார்த்த 956 இதுதான். இந்தத் தேதியை நான் தயங்காமல் ஏற்றுக்கொள்வேன். இன்று அங்கே நிற்கும் பகுதிகளில் மிகப் பழையதும் அந்த மினாராதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பொருளுக்கு வருகிறேன். அந்தலூசியப் பள்ளியில் ஒரு மிம்பர், அதாவது குத்பா சொல்ல ஏறி நிற்கும் படி மேடை, இருந்தது. தேவதாரு மரத்தில் செய்தது. கைரவான் பெரிய பள்ளிவாசலின் 9ஆம் நூற்றாண்டு மிம்பருக்கு அடுத்தபடியாக உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மிம்பர் இது என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். பல நூற்றாண்டு இது யார் கண்ணிலும் முழுதாகப் படவில்லை. வெளியே தெரிந்தது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன்மேல் போர்த்திய செதுக்குப் பலகைகள் மட்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பழுதுபார்த்தபோதுதான் உள்ளே இன்னொரு மிம்பர் இருப்பது தெரிந்தது. ஆன்றி தெராஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை ஆராய்ந்து 1942இல் வெளியிட்டார்.

உள்ளே இருந்ததும் ஒரே கையின் வேலை அல்ல. அதன் பழைய பகுதியில் ஹிஜ்ரி 369, அதாவது 980, என்ற ஆண்டு இருக்கிறது. அப்போது ஃபெஸ்ஸைப் பிடித்திருந்தவர் புலுக்கீன் பின் ஸீரி, ஃபாத்திமிகளின் சார்பில் இன்றைய துனிசியாப் பகுதியான இஃப்ரீக்கியாவை ஆண்ட பெர்பர் தலைவர். ஃபாத்திமிகளின் வெற்றிச் சின்னமாகத்தான் அந்த மிம்பர் பள்ளிக்குள் வந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் சின்னச் சின்னக் கடைசல் குச்சிகளைக் கட்டம் கட்டமாகக் கோத்த வேலைப்பாடு. ஜன்னல்களுக்கும் தடுப்புகளுக்கும் பின்னாளில் அரபு நாடெங்கும் பரவிய அந்த மரவேலைக்கு இவ்வளவு பழைய, ஆண்டு தெரிந்த சான்றுகள் மிகக் குறைவு.

ஐந்தாறு ஆண்டுகளில் ஊர் மறுபடி கை மாறியது. உமையாப் படை வந்தது. வந்தவர்கள் எதிரி செய்துவைத்த மிம்பரை உடைத்து அடுப்பில் போடவில்லை. மேலே, கதீப், அதாவது குத்பா சொல்பவர், நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் சாய்மானப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று செய்து பொருத்தினார்கள். அதில் ஹிஜ்ரி 375, அதாவது 985, என்ற ஆண்டும் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. ஒன்று கலீஃபா இரண்டாம் ஹிஷாம். இன்னொன்று அவருடைய ஹாஜிப், அதாவது தலைமை மந்திரி, அல்-மன்ஸூர். ஹிஷாம் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தவர், பெயருக்குத்தான் கலீஃபா. நாட்டை நடத்தியது அல்-மன்ஸூர். அது அந்தப் பலகையிலேயே தெரிகிறது: கட்டளையிட்டவராகச் செதுக்கியிருப்பது மந்திரியின் பெயரை.

பலகையை ஏன் அந்த இடத்தில் மட்டும் மாற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வரிசையாக உட்கார்ந்திருக்கும் மொத்தக் கூட்டத்தின் பார்வையும் போகும் இடம் அது. கதீபின் வாயிலிருந்து வரும் பெயரும் அவருக்குப் பின்னால் பொறித்திருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். மற்றபடி நல்ல தேவதாரு, நல்ல வேலை, அதை ஏன் வீணாக்குவானேன்? நடைமுறை தெரிந்தவர்கள் செய்த காரியம். இப்படி ஒரே மரச்சாமானில், ஆறு வருஷ இடைவெளியில், இரண்டு எதிரிப் பேரரசுகளும் தங்கள் தேதியை விட்டுப் போயிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 859 பற்றி எத்தனை ஏடுகள் பேசினாலும், இந்தப் பள்ளிவாசலின் வரலாற்றில் என்னால் விரல் வைத்துக் காட்ட முடிகிற, ஆண்டு பொறித்த நேரடிச் சாட்சியம் இந்த மரத்தில் தொடங்குகிறது.

இப்போது உங்கள் வாசலுக்கு வரலாம். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபெஸ் ஸனாத்தா என்ற பெர்பர் இனக்குழுவின் அமீர்கள் கையில் இருந்தது. அவர்களில் இரண்டு சகோதரர்கள் ஆளுக்கொரு கரையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கிழக்குக் கரையில் அல்-ஃபுதூஹ், மேற்குக் கரையில் அஜீஸா. கடைசியில் ஃபுதூஹ் அஜீஸாவைக் கொன்றான். இன்றும் அந்தலூசியர் பக்கத்துத் தென்கிழக்கு வாசல் பாப் ஃப்தூஹ், எதிர்ப்பக்கத்து வடக்கு வாசல் பாப் கீஸா. செத்த பிறகும் தம்பி பெயரை முழுசாக விடப் பொறுக்காமல் ஃபுதூஹ் முதல் எழுத்தை வெட்டச் சொன்னான் என்றொரு கதை ஊரில் உண்டு. கதையை நம்ப வேண்டியதில்லை, ஆனால் இரண்டு வாசலும் இருக்கின்றன. 1069 வாக்கில் முராபித்துகள் என்ற பெர்பர் அரச மரபின் யூசுஃப் பின் தாஷுஃபீன் ஊரைப் பிடித்தபோது இரண்டு கரைகளுக்கும் நடுவிலிருந்த மதில்களை இடித்து எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தார்.

அதுதான் திருப்பம். அதுவரை அந்தலூசியப் பள்ளி ஒரு முழு ஊரின் ஜும்ஆ பள்ளி. மதில் இடிந்த பிறகு அது ஒரு பெரிய நகரத்தின் ஒரு பகுதிக்கான பள்ளியாகிவிட்டது. நீங்கள் "மஹல்லாப் பள்ளி" என்று எழுதியது இன்றைய நிலைக்குச் சரி, ஆனால் அது மஹல்லாவுக்கென்று வளர்ந்த பள்ளி அல்ல. ஊராக இருந்தது பேட்டையாகச் சுருங்கியதால் அந்த நிலைக்கு வந்த பள்ளி.

அடுத்து வந்த முவஹ்ஹிதுகள் என்ற அரச மரபினர் 1145–46இல் ஃபெஸ்ஸை முற்றுகையிட்டு, ஆற்றை அணைகட்டித் தேக்கித் திறந்துவிட்டு, மதிலை உடைத்து உள்ளே புகுந்தவர்கள். ஆனால் அவர்கள் ஆட்சியில்தான் நகரம் செழித்தது. கலீஃபா முஹம்மத் அல்-நாஸிர் காலத்தில் ஃபெஸ்ஸில் 780 சொச்சம் பள்ளிவாசல்களும் 370க்கு மேற்பட்ட மாவு ஆலைகளும் இருந்தன என்று இப்னு அபீ ஸர்உ கணக்குத் தருகிறார். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் செழிப்பைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. இடிந்த நகர மதில் திரும்ப எழுந்ததும் அல்-நாஸிர் காலத்தில்தான். அதே வேகத்தில் 1203 முதல் 1207 வரை அந்தலூசியப் பள்ளியை மினாரா தவிர்த்து முழுவதும் திரும்பக் கட்டினார்கள். வடக்கு வாசல் அப்போது வந்தது. தெரு ஏறிப்போய் முடியும் இடத்தில், படிகளுக்கு மேல், குதிரைலாட வளைவு. அதற்கும் மேலே செதுக்கிய தேவதாரு மர இறவாரம். மிம்பரின்மேல் புதுப் பலகை போர்த்தியதும் இந்த வேலையின் பகுதிதான்.

இவ்வளவு பெரிய வாசல் எதற்கு என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. ஆகவே இனி சொல்வது என் ஊகம். மேற்குக் கரையில் கராவிய்யீனைச் சுற்றிச் சந்தைகள் நெருங்கிவிட்டன, முராபித்துகள் அதை ஏற்கெனவே 12ஆம் நூற்றாண்டில் பெரிதாக்கி முடித்துவிட்டார்கள். புதிய ஆட்சி தன் கைவரிசையைக் காட்ட அங்கே இடம் இல்லை. கிழக்குக் கரையில் பள்ளி மேட்டில் நிற்கிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வாசலின் உச்சி கூரைகளுக்கு மேல் தெரியும். எனவே அந்த வாசல் தன் மஹல்லா மக்களுக்காக மட்டும் கட்டியது அல்ல, எதிர்க்கரையும் பார்க்கட்டும் என்று கட்டியது என்று நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: வாசலில் இன்று உங்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணச் சில்லு ஓடுகளையும் சுதை வேலையையும் எல்லாம் 1207 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலின் உருவம் அந்தக் காலத்தது, மேற்பரப்பில் பிற்காலப் பழுதுபார்ப்பு நிறைய.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். அல்-நாஸிருக்குப் பிறகு முவஹ்ஹிது ஆட்சி சரிந்தது. பஞ்சமும் குழப்பமும் சேர்ந்து ஊரைக் குறுக்கின, கிழக்குக் கரைக்கு அடி கொஞ்சம் அதிகம். அடுத்து ஆண்ட மரீனிகள் 1276இல் தங்கள் அரச நகரமான புது ஃபெஸ்ஸை மேற்குப் பக்கம் கட்டினார்கள். 1437இல் இரண்டாம் இத்ரீஸின் உடல் கண்டெடுக்கப்பட்டதாக அறிவித்ததும் மேற்குக் கரையில்தான், அங்கே இன்றும் பெரிய ஸியாரம், அதாவது அடக்கத்தலம், இருக்கிறது. அரண்மனை, சந்தை, ஸியாரம், கராவிய்யீன் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தபோது, அந்தலூசியர் கரை அமைதியான குடியிருப்புப் பகுதியாக நின்றுவிட்டது. முற்றிலும் கைவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1321–23இல் மரீனி இளவரசர் அபுல் ஹஸன் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஸஹ்ரீஜ் மதரஸாவைக் கட்டினார். முற்றத்து நடுவில் ஒரு நீள்சதுரக் குளம், சுற்றிலும் மாணவர் அறைகள். ஒட்டினாற்போல, குர்ஆனின் ஏழு ஓதல் முறைகளைக் கற்பிப்பதற்கென்று இன்னொரு சிறிய மதரஸா. அங்கே தங்கிய மாணவர்கள் பாடம் கேட்கப் போன இடம் அந்தலூசியப் பள்ளி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கென்று ஒரு நூலகமும் சேர்ந்தது. பிறகு அலவி சுல்தான் மௌலாய் இஸ்மாயீல் காலத்தில் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. கராவிய்யீனுக்கு அடுத்த இரண்டாவது கல்விக்கூடமாகவே ஃபெஸ் மக்கள் இதை மதித்துவந்தார்கள்.

பயணக் குறிப்பில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "9ஆம் நூற்றாண்டில் மர்யம் அல்-ஃபிஹ்ரி நிறுவியதாக மரபு சொல்கிறது, மினாரா 956, இன்றைய கட்டடமும் வாசலும் 1203–1207." இந்த மூன்று தகவலில் யார் மனதும் புண்படாது, பொய்யும் இல்லை. "உலகின் முதல் பல்கலைக்கழகத்தைக் கட்டிய பெண்ணின் தங்கை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். யார் அக்கா யார் தங்கை என்பது வரை துல்லியமாகச் சொல்லும் வாக்கியங்கள் இணையத்தில் ஏராளம், அவற்றுக்கு ஆதாரம் அந்த அளவுக்கு ஏராளம் இல்லை.

அடுத்த முறை போனால், மொராக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை விடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் முஸ்லிம் என்றால் தொழுகை நேரத்தில் உள்ளே போய்த் தொழலாம், முற்றத்தையும் பார்க்கலாம். இல்லையென்றால் வாசலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஸஹ்ரீஜ் மதரஸாவுக்குப் போங்கள். மிம்பர் பள்ளிவாசலில் இல்லை. ஆற்றைத் தாண்டி, பழைய நகரின் மேற்கு ஓரத்தில் பத்ஹா அரண்மனையில் உள்ள அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். அங்கே பக்கவாட்டுக் கடைசல் வேலையில் மட்டும் நின்றுவிடாமல் பின்பக்கச் சாய்மானத்தையும் தேடிப் பாருங்கள், அல்-மன்ஸூரின் பெயர் இருப்பது அங்கேதான்.